செவ்வாய்க்கிழமை முழுக்கு

தயாளினிக்குப் புருசன் மேல் சந்தேகம் வந்தது அவன் குளித்ததால்தான். ஊரில் மற்றப் பெண்சாதிகளுக்கு ஒரு போன் அழைப்பில் வரும், சேட்டில் ஒட்டிய வாசனையில் வரும். இவளுக்கு ஒரு முழுக்கில் வந்தது.

மயூரதன் விடியற்காலையில் தன் சின்னப் பட்டா லொறியில் சண்டிலிப்பாய்த் தோட்டங்களின் மரக்கறியை ஏற்றிக்கொண்டு சுன்னாகம் சந்தைக்குப் போகிறவன். பத்து, பத்தரைக்கெல்லாம் வீட்டில் நிற்பான். அந்தச் செவ்வாய்க்கிழமை அவன் வந்தது பின்னேரம் மூன்றரைக்கு. வாகனத்தை ஒழுங்கையில் விட்டான். செருப்பைப் படலை வாசலில் கழற்றினான். வீட்டுக்குள் கால் வைக்காமல் வளவைச் சுற்றிக் கிணற்றடிக்குப் போய், உடுத்த சாரமும் சேட்டுமாகத் தலையில் தண்ணீரை அள்ளி அள்ளி ஊற்றினான். கப்பி கிறீச்சிடுவது நிற்கவேயில்லை. குசினி யன்னலால் தயாளினி பார்த்துக்கொண்டே நின்றாள்.

அந்தக் கிணற்றில் யாரும் குளித்து மூன்று வருசமாகிறது. முன்னொரு காலத்தில் துலா இருந்ததாம். பிறகு கப்பி வந்தது, கப்பிக்குப் பிறகு மோட்டர், மோட்டருக்குப் பிறகு கூரைக்கு மேலே ஒரு கறுப்புத் தாங்கி. கனடாவிலிருந்து மயூரதனின் தம்பி குடும்பம் வருகிறது என்றபோது தயாளினி ஒற்றைக் காலில் நின்று, வீட்டோடு சேர்த்து மாபிள் பதித்த குளியலறையும் சவரும் கட்டுவித்தாள். கனடாப் பிள்ளைகள் வந்து அரை மணித்தியாலம், முக்கால் மணித்தியாலம் என்று அதற்குக் கீழே நின்று தாங்கியைக் காலியாக்கிவிட்டுப் போனார்கள். அன்றிலிருந்து மயூரதனும் சவருக்குத்தான் அடிமை. தலையில் சவர்க்காரத்தைப் போட்டுக்கொண்டு பாட்டு வேறு.

அந்த வீட்டில் சவரை ஒப்புக்கொள்ளாத ஒரே பிறவி அவளுடைய மாமா, மயூரதனின் தகப்பன் முத்துக்குமாரு. வயது எண்பத்து நாலு. பொல்லூன்றி வீட்டுக்குள்ளே நடப்பார், கிணற்றடி வரை போக முழங்கால் விடாது. அவருக்குப் புதனும் சனியும் தயாளினி வெந்நீர் வைத்து, குளியலறைக்குள் கதிரை போட்டு, வாளியில் கலந்து கொடுப்பாள். ஒவ்வொரு தடவையும் அண்ணாந்து அந்தச் சவரை ஒரு முறை முறைத்துவிட்டுத்தான் உட்காருவார். ஆம்பிளைக்குப் புதன், சனி. பொம்பிளைக்குச் செவ்வாய், வெள்ளி. முழுக்கென்றால் தண்ணீர் உச்சியில் ஒரே அடியாக விழவேண்டும். இதெல்லாம் அவருடைய சட்டப் புத்தகம்.

"உது குளிப்பே? ஆட்டுக்கடா பெய்யிற மாதிரி" என்பார் சவரைப் பற்றி.

ஆகவே, ஓர் ஆம்பிளை, செவ்வாய்க்கிழமை, தை மாதக் கூதலில், வீட்டுக்குள் சவர் இருக்க, உடுப்போடு கிணற்றில் முழுகினால் எந்தப் பெண்சாதி சும்மா இருப்பாள்? துவாயை நீட்டிக்கொண்டே ஏன் என்று கேட்டாள். வெக்கையாகக் கிடந்தது என்றான். அவனுடைய பல் கிடுகிடு என்று அடித்துக்கொண்டிருந்தது.

அதோடு விட்டிருந்தாலும் விட்டிருப்பாள். ஆனால் மத்தியானம் நடந்த ஒன்று அவள் மனதில் ஏற்கெனவே குந்தியிருந்தது. தயாளினி ஊர் முன்பள்ளியில் படிப்பிக்கிறவள். பன்னிரண்டேகாலுக்கு வீடு திரும்பியபோது குளியலறைத் தரை நனைந்திருந்தது. சவர் சரியாகப் பூட்டப்படாமல் சொட்டுச் சொட்டாக ஒழுகிக்கொண்டிருந்தது. காலையில் அவள் அதைத் துடைத்துக் காயவிட்டுத்தான் போனவள். சவரைத் தொடுகிறவர்கள் இந்த வீட்டில் இரண்டு பேர். ஒன்று அவள்.

"நீங்கள் காலமை இடையிலை வீட்டை வந்தனீங்களோ?" என்று கேட்டாள்.

"இல்லையே. ஏன்?"

முகத்துக்கு நேரே பார்த்துச் சொன்னான். அதுதான் அவளைப் பயப்படுத்தியது. இருபத்திரண்டு வருசத்தில் மயூரதன் பொய் சொல்லும்போதெல்லாம் காதைச் சொறிவான். இன்றைக்குக் கை அசையவேயில்லை. இப்படிப் பொய் சொல்ல எப்போது பழகினான்? ஒரே நாளில் இரண்டு முழுக்கு முழுகி அப்படி எதைக் கழுவுகிறான்?

பொழுதுபடுவதற்குள் அவள் வாகனத்தின் பின்பக்கத்தைச் சோதித்தாள். அங்கே இரண்டு வெள்ளைப் பிளாஸ்டிக் கான்கள் கிடந்தன. ஒன்றரை வருசமாகக் கிழமையில் இரண்டு நாள் அவன் அந்தக் கான்களில் கிணற்றுத் தண்ணீர் நிரப்பிக்கொண்டு போகிறான்; கீரைக்குத் தெளிக்க என்று சொல்லியிருந்தான். அதே நாட்களில் வரும்போது மயிலிட்டித் துறைமுகத்து மீன் கொண்டுவருவான், நல்ல விளைமீன், பாரை. சந்தைக்குப் போகிறவன் மயிலிட்டிக்கு ஏன் போகிறான் என்று அவள் கேட்டதில்லை. மீன் அவ்வளவு நல்ல மீன்.

ஒரு கானைத் தூக்கி மணந்து பார்த்தாள். கைபிடியில் நல்லெண்ணெய்ப் பிசுக்கு. மூடியில் அரப்பு ஒட்டிக் காய்ந்திருந்தது.

கானைக் கீழே வைத்தாள். எண்ணெயும் அரப்பும் செவ்வாய்க்கிழமையும். எங்கேயோ ஒருத்தி தலைக்கு எண்ணெய் வைத்து, அரப்புத் தேய்த்து முழுகியிருக்கிறாள், அதுவும் இந்த வளவுத் தண்ணீரில். இவர் ஒன்றரை வருசமாக அதைச் சுமந்துபோய்க் கொடுத்திருக்கிறார். சொந்தப் பெண்சாதிக்கு ஒருநாள் ஒரு வாளி அள்ளித் தந்தது கிடையாது. அன்று இரவு அவள் மயூரதனுக்குச் சோறு போட்ட சத்தத்தில் கோப்பை உடையாமல் தப்பியது.

புதன்கிழமை காலையில் மாமாவுக்குத் தேத்தண்ணி கொண்டுபோனாள். அவருடைய நெற்றி வெறுமையாக இருந்தது. ஓலைக் குட்டானில் திருநீறு முடிந்துபோயிருக்கும் என்று நினைத்து அதை நிரப்பி வைத்தாள். இன்றைக்குக் குளிப்பு வேண்டாம், தடிமன் மாதிரி இருக்கிறது என்றார் அவர். நல்லதாகப் போயிற்று என்று நினைத்தாள். அவளுக்கு அப்போது வேறு ஒருவருடைய நடவடிக்கையைப் பார்க்கத்தான் கண் இருந்தது.

முன்பள்ளிக்குப் போகும் வழியில் கடையடியில் இரண்டு மூன்று பெண்கள் நின்று கதைத்துக்கொண்டிருந்தார்கள். அவளைக் கண்டதும் கதை அறுந்தது. கடைக்கார இரத்தினம்மா அக்கா தேவையில்லாமல் தராசைத் துடைக்கத் தொடங்கினார். இந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த முதல் மாதமே, உன்ரை புருசனுக்கு உதயகலா என்று ஒரு தமக்கை இருந்தவள், ஆரோடையோ ஓடி இந்தியாவுக்குப் போய்விட்டாள், அந்த வீட்டில் அவள் பெயரை எடுத்துவிடாதே என்று தானாகக் கூப்பிட்டுக் காதில் போட்டவர் இதே இரத்தினம்மா அக்கா. அப்படிப்பட்ட வாயே மூடிக்கொண்டது என்றால் விசயம் பெரிதாகத்தான் இருக்கவேண்டும். ஊருக்கே தெரிந்திருக்கிறது, தனக்கு மட்டும் தெரியவில்லை என்று நினைத்தபோது தயாளினிக்குக் கண் கலங்கியது. அழுதுகொண்டு சின்னப் பிள்ளைகளுக்கு முன்னால் போய் நிற்கமுடியாது என்பதால் மூக்கைச் சிந்திவிட்டு நடந்தாள்.

அன்று பின்னேரம் குசினித் தட்டுக்கு விரிக்கச் செவ்வாய்க்கிழமைப் பேப்பரை எடுத்தாள். மரண அறிவித்தல் பக்கத்தில் சதுரமாக ஓர் ஓட்டை. பிளேட்டால் நறுக்கென்று வெட்டி எடுக்கப்பட்டிருந்தது. அவள் ஓட்டையூடாகத் தன்னுடைய உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டு கனநேரம் நின்றாள்.

மயூரதனைக் கேட்டாள். செவ்வாய்க்கிழமைப் பேப்பரைத் தான் கண்ணாலும் காணவில்லை என்றான். மறுபடியும் நேருக்கு நேர் பார்வை, மறுபடியும் காதைச் சொறியவில்லை. இவன் நடிக்கப் போயிருந்தால் நன்றாக வந்திருப்பான் என்று நினைத்தாள். வியாழக்கிழமை கடையில் பழைய பேப்பர் கேட்டுப் பார்த்தாள். செவ்வாய்க்கிழமையது வெங்காயம் சுற்றி முடிந்துவிட்டது என்று இரத்தினம்மா அக்கா சுவரைப் பார்த்துச் சொன்னார்.

இருந்துபார்த்தால் எல்லாம் பொருந்தி வந்தது. செத்த வீட்டுக்குப் போனவன்தான் வீட்டுக்குள் வராமல் உடுப்போடு முழுகுவான். எண்ணெயும் அரப்பும் தலை முழுகியவளுக்கு மட்டுமல்ல, பிரேதத்துக்கும்தான் வைக்கிறது. இதைப் போய் எப்படி மறந்தேன் என்று தன்னையே திட்டிக்கொண்டாள். ஆக, அவள் இறந்துவிட்டாள். அவளுக்குக் கடைசியாக வார்த்த தண்ணீரும் இந்தக் கிணற்றுத் தண்ணீர்தான். இறந்தவள் மேல் கோபப்படுவது பாவம் என்று மனம் சொன்னது. ஆனாலும் கோபம் இறங்கவில்லை.

செத்த வீட்டுக்குப் போய்வந்தவன் ஒரு முழுக்கோடு சரி. மயூரதனோ புதனும் வியாழனும் சாமியறைப் பக்கமே போகவில்லை. நெற்றியில் திருநீறு இல்லை. சாமிக்கு விளக்கு வைக்கச் சொன்னால், நீ வை என்று தோட்டத்துக்குப் போய்விட்டான். இது துடக்கு, சாவுத் தீட்டு, காக்கிறவனுடைய நடப்பு. ஊரானுக்கு யாரும் துடக்குக் காக்கமாட்டான். சொந்தத்துக்குத்தான் காப்பான்.

அங்கேதான் தயாளினி நாள் கணக்குப் பார்த்தாள். முப்பத்தொரு நாள் காத்தான் என்றால் செத்தவள் அவனுக்குப் பெண்சாதி. அப்போது, இருபத்திரண்டு வருசமாக இந்தக் குசினியில் வெந்துகொண்டிருக்கிற நான் யார்? மகள் தக்சாயினி மட்டக்களப்பில் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். அவளுக்கு என்ன சொல்வது? வியாழன் இரவு அவள் சூட்கேசை இறக்கித் தூசி தட்டினாள். முப்பத்தொரு நாள் பொறுப்பதாகவும், முப்பத்திரண்டாம் நாள் சாவகச்சேரியில் அண்ணை வீட்டுக்குப் போவதாகவும் தீர்மானித்துக்கொண்டாள். அதற்குப் பிறகுதான் நித்திரை வந்தது.

முப்பத்தொரு நாள் தேவைப்படவில்லை. வெள்ளிக்கிழமை விடியற்காலையில் கப்பிச் சத்தம் கேட்டு எழும்பினாள். மயூரதன் கிணற்றடியில் மறுபடி முழுகிக்கொண்டிருந்தான். முழுகி, வேட்டி மாற்றி, கிழக்கே பார்த்து நின்று நெற்றியில் மூன்று குறியும் இழுத்துப் பூசினான்.

செவ்வாய், புதன், வியாழன். தயாளினி விரல் மடித்து எண்ணினாள். மூன்று நாள். அவளுடைய அப்பாவோடு கூடப்பிறந்த மாமி இறந்தபோது அப்பா காத்ததும் இதே மூன்று நாள்தான். கட்டிக்கொண்டு வேறு வீட்டுக்குப் போன பெண்ணுக்குப் பிறந்த வீட்டில் அவ்வளவுதான் துடக்கு. பெண்சாதிக்கு இல்லை, வைத்திருந்தவளுக்கும் இல்லை. பிறந்த வீட்டுப் பெண்ணுக்கு.

அவள் வெறுங்காலோடு கிணற்றடிக்கு நடந்தாள்.

"உதயகலா மச்சாளே?" என்று கேட்டாள்.

மயூரதன் காதைச் சொறியக் கையைத் தூக்கினான். கை பாதியில் நின்றது. பிறகு கிணற்றுக் கட்டில் உட்கார்ந்து விம்மி அழுதான். மூன்று நாளாக அடக்கிவைத்த அழுகை. அவள் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டாள்.

தொண்ணூறில் சண்டையால் மயிலிட்டிச் சனம் இடம்பெயர்ந்து வந்து பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் முகாமில் இருந்தது. தண்ணீருக்கு இந்தக் கிணற்றுக்குத்தான் வந்தார்கள். முத்துக்குமாருவுக்கு இல்லை என்று சொல்ல மனம் வரவில்லை. மீன்பிடிக்கிற கரையார் சாதி தன் கிணற்றுக் கயிறு தொடுவதற்கும் மனம் வரவில்லை. இரண்டுக்கும் நடுவே ஒரு வழி கண்டுபிடித்தார். அவர்கள் பாத்திரத்தைத் தள்ளி வைக்கட்டும், வீட்டுப் பிள்ளை அள்ளி ஊற்றட்டும். வீட்டுப் பிள்ளை என்றால் மூத்தவள் உதயகலா. காலையும் பின்னேரமுமாக மூன்று வருசம் அள்ளி ஊற்றினாள், செல்வநாயகம் என்கிற ஒரு பொடியனின் கானுக்கும் சேர்த்து. மனிசன் கயிற்றைக் காப்பாற்றினார், மகளை விட்டுவிட்டார். அவள் அவனோடு போன அன்று முழுக் குடும்பத்தையும் கிணற்றடிக்குக் கூட்டிவந்து, இழவுக்கு முழுகுவதுபோல முழுக வைத்தார். கயிற்றையும் வாளியையும் தூக்கி எறிந்தார். அதற்குப் பிறகு அந்தப் பெயர் இந்த வளவில் கேட்டதில்லை.

இந்தியாவில் அகதியாக இருந்தவர்கள், இராணுவம் மயிலிட்டியைத் திரும்ப விட்டபோது ஊருக்கு வந்திருக்கிறார்கள். ஒன்றரை வருசத்துக்கு முன்பு துறைமுகத்தில் மீன் வாங்கப் போன இடத்தில் மயூரதன் தமக்கையைக் கண்டான். அப்போதே அவளுக்குப் புற்றுநோய். அங்கே வீட்டுக் கிணறு உவர், சவர்க்காரம் நுரைக்காது, தலை சிக்குப் பிடிக்கிறது, நல்ல தண்ணியிலை தோய ஆசையாக் கிடக்குது தம்பி என்றாளாம். அவள் கேட்டது அவ்வளவுதான். அன்று தொடங்கியதுதான் இரண்டு கான்.

"என்னட்டையாவது சொல்லியிருக்கலாமே" என்றாள் தயாளினி. சூட்கேசை நினைத்து அவளுக்கு வெட்கமாக இருந்தது.

"உனக்குத் தெரிஞ்சால் முகத்திலை தெரியும். ஐயா கண்டுபிடிச்சிடுவார். ஐயாவுக்கு மட்டும் தெரியக்கூடாது, தயா. இந்த வயதிலை கேட்டால் ஒண்டில் கத்துவார், இல்லாட்டில் விழுந்துபோவார்."

செவ்வாய்க்கிழமை சவர் ஒழுகிக்கிடந்ததைப் பற்றியும், பேப்பரில் ஓட்டையைப் பற்றியும் அவள் இன்னொரு தடவை கேட்டாள். தனக்கு உண்மையாகவே தெரியாது என்றான். இந்த முறை அவள் நம்பினாள். நம்பியதும் இன்னொரு கேள்வி வந்தது. அப்படியென்றால் சவருக்குக் கீழே நின்றது யார்?

தேத்தண்ணியை ஊற்றிக்கொண்டு மாமாவின் அறைக்குப் போனாள். ஒழுங்கைப் பக்கம் பார்த்த அறை அது. கிணற்றடி அங்கிருந்து தெரியாது. முத்துக்குமாரு கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். நெற்றியில் மூன்று குறி, புதிதாக, ஈரம் காயாமல். புதனும் வியாழனும் வெறுமையாக இருந்த நெற்றி அது. அவள் நிரப்பி வைத்த குட்டான் இரண்டு நாளும் தொடப்படாமல் இருந்ததை அவள் பார்த்தும் பார்க்காமல் போயிருக்கிறாள். குனிந்து கட்டிலுக்குக் கீழே பார்த்தாள். ஒரு வேட்டி சுருட்டியபடி கிடந்தது, ஈரத்தோடு சுருட்டி அப்படியே விறைத்துப் பூஞ்சணம் பிடித்து.

"மாமா, செவ்வாய்க்கிழமை சவருக்குக் கீழை நிண்டது நீங்களோ?"

அவர் தேத்தண்ணியை வாங்கவில்லை. தலையணைக்குக் கீழிருந்து சதுரமான பேப்பர்த் துண்டொன்றை எடுத்து அவளிடம் நீட்டினார். சண்டிலிப்பாயைப் பிறப்பிடமாகவும் மயிலிட்டியை வதிவிடமாகவும் கொண்ட திருமதி செல்வநாயகம் உதயகலா. அதற்குக் கீழே, அன்னார் முத்துக்குமாருவின் அன்பு மகளும்.

"என்ரை பேரையும் போட்டிருக்கிறாங்கள், பிள்ளை" என்றார். "நான் செய்த வேலைக்கு, என்ரை பேரையும் போட்டிருக்கிறாங்கள்."

அவர் இன்னும் மெல்லிய குரலில், மயூரதனுக்குத் தெரியவேண்டாம், அவனுக்குத் தமக்கை என்றால் உயிர், உடைந்துபோவான் என்றார். ஒரு கூரைக்குக் கீழே இரண்டு ஆம்பிளைகள் ஒரே பெண்ணுக்காக ஒருவருக்கு ஒருவர் ஒளித்து மூன்று நாள் துடக்குக் காத்திருக்கிறார்கள். நடுவில் நின்ற அவள் சூட்கேசைத் தூசி தட்டிக்கொண்டிருந்தாள். சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது.

"மாமா, அவருக்குத் தெரியும். அவர் போய்வந்தவர். உங்களுக்குத் தெரியக்கூடாதெண்டு மறைச்சவர்."

கிழவர் பேப்பர்த் துண்டை அவளிடமிருந்து திருப்பி வாங்கினார்.

"போனவனோ? அவளுக்கு எந்தத் தண்ணி வாத்தவங்கள்?"

"எங்கடை கிணத்துத் தண்ணி, மாமா. இவர்தான் கானிலை கொண்டுபோனவர்."

முத்துக்குமாரு தலையை ஆட்டினார், நன்றாக, பல தடவை. பிறகு பொல்லைத் தேடிக் கையால் துழாவினார்.

"நான் உதுக்குக் கீழை உடுப்போடைதான் நிண்டனான். கனநேரம் நிண்டனான். ஆனால் அது முழுக்கில்லை, பிள்ளை. உச்சியிலை விழேல்லை. என்ரை பிள்ளைக்கு நான் இன்னும் முழுகேல்லை."

தயாளினி வாசலுக்குப் போய்ப் புருசனைக் கூப்பிட்டாள். மாமாவைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போகவேண்டும், ஒரு பக்கம் பிடியுங்கோ என்றாள். மயூரதன் ஓடி வந்தான். இந்தக் கூதலிலை ஏன் ஐயா என்று கேட்டுக்கொண்டே தகப்பனின் கையிலிருந்த பேப்பர்த் துண்டைக் கண்டான். அவன் கேள்வி அதோடு நின்றது.

"கலாவுக்கு" என்றார் கிழவர்.

இருவரும் இரண்டு பக்கமும் பிடித்து, படி இறக்கி, வளவு கடந்து, உடுப்புத் தோய்க்கிற கல்லில் அவரை இருத்தினார்கள். மயூரதன் அள்ளினான். முதல் வாளி உச்சியில் ஒரே அடியாக விழுந்தபோது கிழவரின் நெற்றியில் இருந்த திருநீறு கரைந்து கன்னத்தால் ஓடியது. அவர் இரண்டு கையாலும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, இன்னும் ஊத்து, இன்னும் ஊத்து என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஒழுங்கையில் சைக்கிளை நிறுத்திவிட்டு யாரோ வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று தயாளினி விட்டுவிட்டாள்.

அவர் போதும் என்று கையைக் காட்டியபோது, அவள் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு கல்லுக்குப் பக்கத்தில் குந்தினாள்.

"எனக்கும் ஊத்துங்கோ" என்றாள். "எனக்கும் மச்சாள்தானே."

மயூரதன் வாளியை மறுபடி கிணற்றுக்குள் விட்டான்.